இருபதிலிருந்து அறுபதுக்கு

மேற்கு மாம்பலத்தில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய கதைதான். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பத்து நாளாக விட்டு விட்டுக் காய்ச்சல். முகம் வெளுத்துக் கிடக்கிறது. ராத்திரியானால் கால் வலிக்கிறது என்று அழுகிறது. அடிபடாமலே முழங்காலுக்குக் கீழே நீலத் திட்டுகள். மழைக்காலமாக இருந்துவிட்டால் பக்கத்து வீட்டு மாமி முதல் மருந்துக்கடைப் பையன் வரை எல்லாருக்கும் டெங்கு நினைப்புதான் வரும். "எதுக்கும் பிளேட்லெட் பார்த்துடுங்கோ" என்பார் மாமி. அவர் சொன்னதில் தப்பே இல்லை. பார்த்தால் பிளேட்லெட் குறைவாகத்தான் இருக்கும்.

அடுத்த படியில்தான் விஷயம் இருக்கிறது. கருவி அச்சடித்துத் தரும் எண்ணோடு லேப் நின்றுவிடக் கூடாது. அந்த ரத்தத்தில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்துப் பரப்பி, காய்ந்ததும் லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, மைக்ராஸ்கோப்பில் ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்மியர் என்பது இதைத்தான். சாதாரண வெள்ளணுக்களுக்கு நடுவே, உட்கருவே செல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் ஊதா நிறச் செல்கள் கூட்டமாகத் தெரிந்தால் அது டெங்கு இல்லை. அவற்றுக்கு பிளாஸ்ட் என்று பெயர். முதிராமலே பெருகி, எலும்பு மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் வந்து விழுந்த அணுக்கள். அன்றைக்கே டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் பெயரோ, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டின் பெயரோ இருக்கும்.

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: பிள்ளை பிழைக்குமா? பணக்கார நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா, சுருக்கமாக ஏ.எல்.எல்., இன்று 90 சதவீதத்துக்கு மேல் குணமாகிறது. அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்கு எடுத்து வந்து சொல்லலாமா? சொல்ல முடியாது என்பதைக் கண்டுபிடித்ததிலும், ஏன் முடியாது என்று விளக்கியதிலும், அந்த இடைவெளியைக் கணிசமாகக் குறைத்ததிலும் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். சிவப்பணு, வெள்ளணு, பிளேட்லெட் மூன்றும் எலும்பு மஜ்ஜையில்தான் பிறக்கின்றன. அங்கே ஒரு வெள்ளணுவின் மரபுப்பொருளில் கோளாறு ஏற்பட்டு, அது முதிர மறந்து பெருகத் தொடங்குகிறது. மஜ்ஜை முழுக்க அதுவே நிரம்பிவிடுகிறது. சிவப்பணுவுக்கு இடமில்லாததால் வெளுப்பு. பிளேட்லெட்டுக்கு இடமில்லாததால் நீலத் திட்டு, ரத்தக் கசிவு. நல்ல வெள்ளணுவுக்கு இடமில்லாததால் காய்ச்சல். வேகமாக முற்றுவது அக்யூட். மெதுவாக நகர்வது க்ரானிக். லிம்ஃபாய்டு, மைலாய்டு என்று அணுவின் வகையைப் பொறுத்து இன்னொரு பிரிவு. ஆக நான்கு பெரிய வகைகள், அவற்றுக்குள் மரபணுவை வைத்துப் பல உட்பிரிவுகள். நெறிக்கட்டிகளில் தொடங்கும் லிம்ஃபோமா, வயதானவர்களுக்கு வரும் மைலோமா ஆகியவை இதே குடும்பத்தின் பங்காளிகள். 'ரத்தப் புற்றுநோய்' என்று ஒரே பெயரில் சொல்லி ஒரே பயத்தில் மூழ்குவதால் லாபமில்லை. எந்த வகை என்பதுதான் பாதி விதியைத் தீர்மானிக்கிறது.

இந்த நோய்க்கு மருந்து என்று ஒன்று கிடைத்த கதையே மெட்ராஸைத் தொட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது. 1895-இல் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதரில் தைத்த அறுவைச் சிகிச்சை உடையோடு போய் நின்றதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் எட்டே நாள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்தார்கள். 1922-இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

பிற்பாடு லெடர்லே நிறுவனத்தில் சுப்பாராவின் குழுதான் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அதுதான் மருந்து. அண்ணன் தம்பிகளுக்கு இருபத்தைந்து வருடம் பிந்தி வந்தது. அதே நேரத்தில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், லுகேமியா குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்தால் நோய் வேகம் பிடிப்பதைக் கவனித்தார். கொடுத்தால் வளர்கிறது என்றால், தடுத்தால் சுருங்க வேண்டுமே? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் காட்டி அதன் வேலையைக் கெடுக்கும் அமினோப்டெரின் என்ற பொருளை சுப்பாராவின் ஆய்வகம் அனுப்பிவைத்தது. 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அந்த ஆகஸ்ட்டிலேயே சுப்பாராவ் காலமாகிவிட்டார். அமினோப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் ஒவ்வொரு ஏ.எல்.எல். குழந்தையின் ஃபைலிலும் இருக்கிறது.

அந்தப் பத்துக் குழந்தைகளும் பிழைக்கவில்லை. சில மாதங்களில் நோய் திரும்பியது. ஒரே மருந்து போதாது என்பது அங்கேயே புரிந்துவிட்டது.

இரண்டாவது முக்கிய மருந்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். வாசல் ஓரத்தில், மாடித் தொட்டியில், தண்ணீர் ஊற்ற ஆளில்லாத காலி மனையில்கூடப் பூத்துக் கிடக்கும் நித்யகல்யாணியிலிருந்து எடுப்பதுதான் வின்கிரிஸ்டின். 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இந்தச் செடியை மானாவாரியாகப் பயிரிட்டு, இலையும் வேரும் காயவைத்து மருந்துக் கம்பெனிகளுக்கு விற்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். ஆனால் செடியைக் கஷாயம் வைத்துக் குடித்தால் லுகேமியா போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பிவிடக் கூடாது. டன் கணக்கில் இலையைப் பிழிந்தால்தான் சில கிராம் வின்கிரிஸ்டின் தேறும். அதையும் நரம்பு வழியாக மட்டுமே, மில்லிகிராம் கணக்கில் ஏற்ற வேண்டும்.

அமெரிக்காவில் 1960-களில் டொனால்டு பிங்கல் தலைமையில் மெம்ஃபிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனை இந்த மருந்துகளை ஒன்றாகக் கோத்தது. முதலில் நோயை அடக்குவது, பிறகு மூளைத் தண்டுவட நீரில் ஒளிந்திருப்பதைத் துரத்துவது, அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் மாத்திரையால் காவல் காப்பது. 1960-களின் இறுதியில் அங்கே பாதிக் குழந்தைகள் குணமானார்கள்.

இங்கே? 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் திறந்தார். 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததிலிருந்து அவர் மனதில் கிடந்த திட்டம் அது. இன்ஸ்டிடியூட் திறந்ததற்கு முந்தைய ஆண்டுதான் மேற்கு மாம்பலத்தில் எம்.சி. சுப்ரமணியம் பப்ளிக் ஹெல்த் சென்டரைத் தொடங்கியிருந்தார். இல்லாதவர்களுக்கும் நல்ல வைத்தியம் கிடைக்க வேண்டும் என்ற அந்தக் காலத்து வைராக்கியத்தில் முளைத்த இரண்டு இடங்கள். அடையாறில் முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த மயிலாப்பூர்ப் பெண் டாக்டர் வி. சாந்தாவும் ஆளுக்கு ஒரு தோள் கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் மறையும் வரை சாந்தா அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார்.

1970-களில், இந்தியாவின் பெரிய கேன்சர் மருத்துவமனைகளிலேயே ஏ.எல்.எல். குழந்தைகளிலும் இளைஞர்களிலும் 20 சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் நோய் திரும்பாமல் தப்பினார்கள். மருந்து இருந்தது, டாக்டர்களுக்குப் படிப்பும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு முறையில் வைத்தியம் செய்தது, கணக்கும் ஒப்பிடும்படியாக இல்லை. இந்த இடத்தில் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத் வருகிறார். அவரும் இந்திய மருத்துவர்களும் உட்கார்ந்து 1984-இல் ஒரு பொதுத் திட்டம் வகுத்தார்கள். அதன் பெயர் எம்.சி.பி.-841. சென்னையில் சாந்தா, பின்னர் டி.ஜி. சாகர், பம்பாய் டாடா மெமோரியலில் சக்கர நாற்காலியிலிருந்தபடியே வார்டை ஆண்ட சுரேஷ் அத்வானி, டெல்லி எய்ம்ஸில் எல்.எஸ். ஆர்யா உள்ளிட்டோர் அதைக் கையிலெடுத்தார்கள். மூன்று ஊர், ஒரே புத்தகம்.

அந்தத் திட்டத்தில் புதுமையான மருந்து எதுவும் கிடையாது. வின்கிரிஸ்டின், பிரெட்னிசலோன், அஸ்பாரஜினேஸ், டானோரூபிசின், மெத்தோட்ரெக்சேட், 6-எம்.பி. என்று எல்லாம் பழைய சரக்கு. எதை எந்த நாளில், எவ்வளவு, எத்தனை முறை என்பது மட்டும் மூன்று ஊரிலும் ஒன்றுபோல் எழுதிவைக்கப்பட்டது. கூடவே தொற்று வந்தால் என்ன செய்வது, ரத்தம் எப்போது ஏற்றுவது போன்ற பக்கபலச் சிகிச்சையும் மேம்பட்டது. பலன், நான்கு ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருப்பவர்கள் 45 முதல் 60 சதவீதம். புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லாமல் வெறும் ஒழுங்கினால் கிடைத்தது இது. மருத்துவ ஆராய்ச்சி என்றால் சோதனைக் குழாயும் நோபல் பரிசும்தான் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய இடம்.

2005-இல் மக்ராத், சாந்தா, அத்வானி முதலானோர் ஐரோப்பியப் புற்றுநோய் இதழ் ஒன்றில் இருபது வருடக் கணக்கை வெளியிட்டார்கள். 1990 முதல் 1997 வரை சிகிச்சை பெற்ற 1,048 பேரின் விவரமும் அதில் இருந்தது. படிக்கப் படிக்கச் சங்கடப்படுத்தும் கட்டுரை. ஏனென்றால் அது வெற்றியைப் பாடுவதோடு நிற்காமல், மேல்நாட்டு எண்ணுக்கும் நம் எண்ணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் இறங்கிப் பார்க்கிறது.

பள்ளத்தில் என்ன இருந்தது? நம் பிள்ளைகள் நோய் முற்றிய பிறகே வந்தார்கள். வெள்ளணு எண்ணிக்கை எகிறி, நெறிகள் கட்டி, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி வந்தார்கள். நோயின் வகையும் கொஞ்சம் வேறு. டி-செல் வகை இந்தியாவில், குறிப்பாகச் சென்னையில், மேல்நாட்டைவிட அதிகமாக இருந்தது. எளிதில் குணமாகும் ஒரு மரபணு வகை இங்கே குறைவாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பல பிள்ளைகளைக் கொன்றது லுகேமியா இல்லை. கீமோவால் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும் நாட்களில் வந்த தொற்று. வீட்டின் சுத்தம், ராத்திரி காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு வந்து சேர எடுக்கும் நேரம் என்று கட்டுரையாளர்கள் அடுக்கிய காரணங்களில் பாதி, மருத்துவமனையின் வாசலுக்கு வெளியே இருந்தன.

இன்னொன்றும் சொன்னார்கள். மேல்நாட்டில் பிள்ளையின் வயதை வைத்தே நோயின் போக்கைப் பெருமளவு கணித்துவிடலாம். இந்த மூன்று மருத்துவமனைகளில் அந்த வயதுக் கணக்கு பொய்த்துப்போனது. ஆகவே அமெரிக்கக் குழந்தைகளை வைத்துப் போட்ட ஆபத்துப் பட்டியலை இந்தியக் குழந்தையின் தலையில் அப்படியே வைக்க முடியாது. நம் பிள்ளைகளுக்கான விடையை நம் பிள்ளைகளிடம்தான் தேட வேண்டும் என்பதே அந்தக் கட்டுரையின் சாரம்.

அந்தத் தேடலின் அடுத்த கட்டம் ஐசிக்கிள் என்ற கூட்டுக் குழு. கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டரின் வாஸ்கர் சாஹா ஒருங்கிணைக்க, மும்பை, டெல்லி, சண்டிகர் மருத்துவமனைகளோடு அடையாறும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2016-இல் தொடங்கியது. அதில் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, வெளியிலிருந்து பார்த்தால் அற்பமானது: பத்து வயதுக்குக் கீழே, ஆபத்து குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு முதல் கட்டத்தில் பிரெட்னிசலோன் ஐந்து வாரம் கொடுக்க வேண்டுமா, மூன்று வாரம் போதுமா? ஸ்டீராய்டு லுகேமியாவை அழிக்கும்; கூடவே தொற்றுக்குக் கதவையும் திறந்துவிடும். மேல்நாட்டில் ஐந்து வாரம் தாங்கும் உடம்பு இங்கே அந்தக் கூடுதல் இரண்டு வாரத்தில் கிருமிக்குப் பலியாகிவிடலாம். அடையாறு வார்டில் இரவு ட்யூட்டி பார்த்த எவருக்கும் இந்தக் கேள்வியின் கனம் புரியும்.

எந்தப் பிள்ளைக்கு மூன்று வாரம், எந்தப் பிள்ளைக்கு ஐந்து? டாக்டர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தேறும் என்று தோன்றும் பிள்ளைகளை அவர் தன்னையறியாமல் ஒரு பக்கம் தள்ளிவிடுவார். அதனால் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலை மாதிரி, எடுப்பவருக்கும் என்ன வரும் என்று தெரியாது. 'எங்க பிள்ளையை வெச்சு சோதனை பண்றாங்களா' என்று பெற்றோர் பதறுவது இயல்பு. ஆனால் இந்த மாதிரி ஆய்வில் மருந்தே கொடுக்காத அணி என்று ஒன்று கிடையாது. இரண்டு அணிக்கும் முறையான முழுச் சிகிச்சை உண்டு. இரண்டில் எது மேல் என்பது மட்டுமே கேள்வி. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் வைத்தியம் நிற்காது. இந்தியாவில் 2007-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.-யில் ஆய்வின் விவரம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பதிவாகியிருக்கும். பதிவு எண்ணைக் கேட்டால் டாக்டர் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினால் சந்தேகப்படலாம்.

மருத்துவமனைக் கட்டம் முடிந்தபின் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டு மாத்திரை விழுங்க வேண்டும். முக்கியமானது 6-எம்.பி.; தினமும் ஒரு வேளை. பிள்ளை தலைமுடி வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், தெருவில் கிரிக்கெட் ஆடும்போது 'எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை' என்ற எண்ணம் வீட்டில் தலைதூக்கும். அமெரிக்காவில் ஸ்மிதா பாட்டியா என்ற ஆய்வாளர் — டெல்லி எய்ம்ஸில் படித்தவர் — மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒரு சிப்பைப் பொருத்தினார். மூடி எப்போது திறக்கிறதோ அந்தத் தேதியும் நேரமும் பதிவாகும். 2012-இல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது: நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நாளாவது மாத்திரை போடாத பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து கணிசமாகக் கூடுகிறது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் மறந்தாலே எல்லை தாண்டியாகிவிட்டது.

இதே 6-எம்.பி.யில் இன்னொரு முடிச்சு. மேல்நாட்டுப் புத்தகம் சொல்லும் அளவைக் கொடுத்தால் சில ஆசியக் குழந்தைகளுக்கு வெள்ளணு அதலபாதாளத்துக்குப் போனது. காரணம் நூட்-15 என்ற மரபணுவின் ஒரு மாறுபாடு என்று 2014-இல் கொரிய ஆய்வாளர்கள், அதுவும் குடல் அழற்சி நோயாளிகளை ஆராயும்போது, கண்டறிந்தார்கள். ஐரோப்பியரிடம் அது மிக அரிது, கிழக்காசியரிடம் அதிகம், இந்தியர்களிடமும் உண்டு. மரபணுவைப் பார்த்து அளவைக் குறைத்துக் கொடுத்தால் போதும், மருந்து வேலை செய்யும், பிள்ளையும் தாங்கும். சென்னை மருத்துவமனைகளில் 'கவுண்ட் இறங்கிடுச்சு' என்று மாத்திரையை நிறுத்தி நிறுத்தித் தொடங்க வேண்டியிருந்த எத்தனையோ பிள்ளைகளில் சிலருடைய புதிருக்கு விடை இது.

மருந்தின் தரமும் சேர்ந்துகொள்கிறது. அஸ்பாரஜினேஸ் ஊசி இல்லாமல் ஏ.எல்.எல். சிகிச்சை இல்லை. இந்தியச் சந்தையில் விற்கும் மலிவு விலை அஸ்பாரஜினேஸ்களை ஆராய்ந்த கொல்கத்தாக் குழு, அவற்றின் தரம் திருப்தியாக இல்லை என்று 2021-இல் எழுதியது. விலை குறைவு என்பது நல்ல விஷயம்தான். புட்டிக்குள் இருக்க வேண்டியது இருந்தால்.

அடையாறிலிருந்து பெங்களூர் சாலையில் மூன்று மணி நேரம் போனால் வேலூர் சி.எம்.சி. அங்கே நடந்தது இன்னும் துணிச்சலான காரியம். அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகேமியா என்று ஒரு வகை. கண்டுபிடித்த வாரத்திலேயே மூளையில் ரத்தம் கசிந்து ஆளைக் கொன்றுவிடக்கூடியது. ஷாங்காயின் வாங் ஜென்யி, வைட்டமின் ஏ-யின் உறவான ஒரு மாத்திரையை இதற்குக் கொண்டுவந்தார். ஹார்பின் நகரத்தில் ஜாங் டிங்டோங் 1970-களிலேயே ஆர்செனிக்கைப் பயன்படுத்தியிருந்தார். ஆர்செனிக் ட்ரையாக்சைடு என்றால் வேறொன்றுமில்லை, நம் சித்த மருத்துவம் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வதுதான். மேல்நாட்டில் முதலில் அந்த மாத்திரையும் கீமோவும் கொடுத்து, நோய் திரும்பினால் மட்டும் ஆர்செனிக் என்று வைத்திருந்தார்கள். அந்தச் செலவு வேலூருக்கு வரும் குடும்பங்களில் பலருக்குக் கட்டுப்படியாகாது. மேமன் சாண்டி, விக்ரம் மேத்யூஸ் முதலானோர் 1998-லிருந்து புது நோயாளிகளுக்கே ஆர்செனிக்கை மட்டும் தனி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

72 நோயாளிகள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. மூன்றாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்களும் 86 சதவீதம், ஐந்தாண்டில் 74. பெரும்பாலோருக்கு முடி கொட்டும் கீமோ இல்லை, பெரும்பகுதி வெளிநோயாளிச் சிகிச்சை. 2006-இல் 'பிளட்' இதழில் முதல் முடிவுகள் வெளிவந்தபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 2013-இல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் அந்த மாத்திரையையும் ஆர்செனிக்கையும் சேர்த்து, ஆபத்து குறைந்த நோயாளிகளுக்குக் கீமோவே வேண்டாம் என்று நிரூபித்தார்கள். பணமில்லாத நோயாளிக்காக வேலூர் எடுத்த வழி, பணக்கார நாடுகளும் நடக்கும் பாதையோடு போய்ச் சேர்ந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக்கடையில் பாஷாணம் கேட்டுவிட வேண்டாம். இதயத் துடிப்பை ஈ.சி.ஜி.யில் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டிய மருந்து அது.

பெரியவர்களுக்கு வரும் க்ரானிக் மைலாய்டு லுகேமியாவின் கதை கிண்டியில் போய் முட்டுகிறது. 2001-இல் அமெரிக்க அனுமதி பெற்ற இமாட்டினிப், அதாவது கிளிவெக், அந்த நோயைச் சர்க்கரை, பி.பி. மாதிரி தினசரி மாத்திரையில் கட்டுப்படுத்தும் நோயாக மாற்றிவிட்டது. 1,106 பேரைச் சேர்த்த ஐரிஸ் ஆய்வில் இமாட்டினிப் அணியில் பத்தாண்டுக்குப் பிறகும் 83 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள். ஆனால் அதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் கம்பெனியின் விலை அன்று மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகளின் அதே மாத்திரை 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. நோவார்ட்டிஸ் 1998-இல், இன்று கிண்டியில் இருக்கும் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பத்தை அந்த அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. பழைய மருந்துக்குப் புது வடிவம் கொடுத்ததாலேயே காப்புரிமை கிடையாது என்ற சட்டப் பிரிவை எதிர்த்து நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கையை விரித்தது. ஏழை நோயாளிகள் ஆயிரக்கணக்கானோருக்கு இலவசமாகவே தருகிறோம் என்று நோவார்ட்டிஸ் சொன்னது உண்மைதான். ஆனால் தானத்தை நம்பி ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட முடியுமா என்பது நியாயமான கேள்வி. அந்த ஒரு தீர்ப்பு, ஒரு புதிய மருந்தைக் கண்டுபிடிப்பதற்கு இணையான மருத்துவப் பலனைத் தந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இன்றைக்கு அதே விலைப் பிரச்சினை இன்னும் பெரிய உருவில் வந்து நிற்கிறது. நோயாளியின் டி-செல்களை எடுத்து, லுகேமியாவை அடையாளம் காணும்படி மரபணு மாற்றித் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சைக்கு அமெரிக்காவில் கோடிகளில் செலவு. ஐ.ஐ.டி. பம்பாயில் ராகுல் புர்வார் குழுவும் டாடா மெமோரியலும் உருவாக்கிய நெக்ஸ்கார்-19-க்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. விலை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 64 பேரைச் சேர்த்த அதன் ஆய்வு முடிவுகள் 2025-இல் 'லான்செட் ஹீமட்டாலஜி'யில் வந்தன. பலனைக் கணக்கிட முடிந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு அது தெரிந்தது. ஆனாலும் சில பத்து லட்சங்கள். தி. நகரில் ஒரு துணிக்கடை ஊழியர் இந்த எண்ணைக் கேட்டால் வாயடைத்துத்தான் போவார். 2024 டிசம்பரில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வழக்கமான கீமோவோடு பிளினாடுமொமாப் என்ற மருந்தையும் சேர்த்தபோது, மூன்றாண்டில் நோயில்லாமல் இருந்த குழந்தைகள் 87.9 சதவீதத்திலிருந்து 96 சதவீதமானார்கள். இருபத்தெட்டு நாள் விடாமல் நரம்பில் ஏறிக்கொண்டிருக்க வேண்டிய, லட்சங்கள் விழுங்கும் மருந்து அது. அதை இங்கே எந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு, கீமோவில் எதைக் குறைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு விடை பாஸ்டனில் கிடைக்காது. அடையாறும் வேலூரும்தான் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

ஆராய்ச்சியாளர்கள் அவர்கள் வேலையைப் பார்க்கட்டும். மாம்பலத்துக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் செய்யக்கூடியவை சில உண்டு. நாள்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலோடு வெளுப்போ, நீலத் திட்டோ, எலும்பு வலியோ இருந்தால் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஸ்மியரும் இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் தெரியாத மூட்டுவலிக்கும் நெறிக்கட்டிக்கும் ஸ்மியர் பார்க்காமல் ஸ்டீராய்டு கொடுக்க விடாதீர்கள். அது லுகேமியாவைச் சில வாரம் மறைத்துவிட்டு, பின்னால் வரும் சிகிச்சையைக் கெடுக்கும். நோய் உறுதியானால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியுமா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேளுங்கள். பணமில்லை என்று பாதியில் நின்றுபோன சிகிச்சையைப் பின்னால் சரிக்கட்டுவது மிகவும் கடினம்.

நோயில்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீமோவில் இருக்கும் பிள்ளைக்கு வாரக்கணக்கில் பிளேட்லெட் ஏற்ற வேண்டியிருக்கும். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும். ஆகவே சேமித்து வைக்க வழியில்லை, ஆள்தான் வர வேண்டும். கருவி மூலம் பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தைக் கொடையாளருக்கே திருப்பிவிடுவார்கள். ஒன்றரை மணி நேர வேலை. 18 வயது நிரம்பி, ஐம்பது கிலோவுக்கு மேல் எடையோடு ஆரோக்கியமாக இருப்பவர்கள், பக்கத்திலுள்ள ரத்த வங்கிக்குப் போய்ப் பிளேட்லெட் கொடையாளர் பட்டியலில் பெயரும் போன் நம்பரும் கொடுத்துவிட்டு வாருங்கள். கூப்பிட்டால் போனை எடுங்கள்.